நாயைப் பழித்துப் பயனில்லை!

தலைநகரத்துத் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கும்படி 2025 ஆகஸ்ட் 11-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 22-ந் தேதி, கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடும்படி அது திருத்தப்பட்டது. பங்களாக் கனவான்கள் இரு கட்சியானார்கள். ஒரு கட்சி, நாயை ஊரைவிட்டே ஓட்டு என்றது. மற்றது காரில் வந்து பிஸ்கட் போட்டுவிட்டுப் போயிற்று. ராத்திரி ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பும் மில் தொழிலாளியை இரு கட்சியும் கேட்கவில்லை.

மேச்சேரிக் கூலிக்காரியையும் கேட்கவில்லை. இங்கே செம்மறிதான் ஏழையின் உண்டியல். மேச்சேரி ஆடு தோலுக்குப் பேர் போனது. இந்த இனத்துக்கென்றே பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. களையெடுக்கிறவள் நாலு குட்டி வளர்த்து, பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்குப் புதன் சந்தைக்கு ஓட்டுகிறாள். ஓர் இரவு நாய்க்கூட்டம் பட்டியில் புகுந்தால் முதலும் போச்சு, வட்டியும் போச்சு. காங்கயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் 2025-ல் சர்க்கார் நஷ்டஈடு அறிவித்தது.

நாய்மேல் நமக்குக் கோபமில்லை. பட்டியைக் காப்பதும் நாய்தானே! ஊரோரம் கொட்டுகிற ஓட்டல் எச்சிலும் கறிக்கடைக் கழிவும் எவ்வளவோ அவ்வளவு நாய். பத்தைப் பிடித்துப் போனால், அந்தச் சோற்றுக்கு அடுத்த ஊர் பத்து வந்து சேரும். குப்பை அள்ளுவதும் கருத்தடை செய்வதும் யார் கடமை? கருத்தடை ஸ்தல ஸ்தாபனங்களின் பொறுப்பென்று 2001-லேயே விதி எழுதியாயிற்று. 2023-ல் புதுப்பித்தும் ஆயிற்று. டாக்டர் எங்கே? கூடம் எங்கே? பணம் எங்கே? குப்பை அள்ளுகிற தோழரைக் காண்டிராக்டுக் கூலியாக்கி ஆளையும் குறைத்தால் குப்பை எப்படிக் குறையும்?

கடிபட்டவன் கதை இன்னும் கொடியது. வெறிநோய் கண்டுவிட்டால் பிழைக்க வழியில்லை. முன்கூட்டியே ஊசி போட்டால் தப்பலாம். (கடித்ததும் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி அப்பாதீர்கள்.) சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்தான். ஆனால் கடித்த அன்றும், பிறகு 3, 7, 28-ம் நாட்களிலும் போகவேண்டும். நாலு நாள் கூலியை யார் தருவது? பாதியில் நிறுத்தியவனை அலட்சியக்காரன் என்று ஏசுகிறார்களே, அவன் அடுப்பை எட்டிப் பார்த்தார்களா?

நாம் கேட்பது இது: கடிபட்ட தொழிலாளிக்கு அந்த நாலு நாளும் சம்பளத்தோடு லீவு. மேச்சேரி போன்ற பேரூராட்சிகளுக்கும் கருத்தடைக் கூடம், சர்க்கார் பணத்தில். செத்த ஆட்டுக்குச் சந்தை விலையில் ஈடு. அதுவும் அடுத்த புதன் சந்தைக்குள்.