நீ யார் பக்கம்?

கடைவீதியில் கலவரம் என்றால் ஷட்டரை இறக்குகிறோம். நாலு நாளில் அடங்கும், மீண்டும் திறப்போம் என்ற நம்பிக்கை. அடங்காமல் அதுவே உள்நாட்டுப் போராக மாறினால்? துப்பாக்கி ஏந்திய இரு தரப்பும் மாறி மாறி வந்து, "நீ யார் பக்கம்?" என்று கேட்டால்? முண்டியம்பாக்கத்திலும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நிம்மதியாகக் கல்லாவில் அமர்ந்திருக்கும் சகோதரர்களே! இது கற்பனைக் கேள்வி அல்ல. கடல் கடந்து கடை வைத்த தமிழன் சந்தித்த கேள்வி.

பர்மாவைப் பாருங்கள். 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் 'புரட்சிக் கவுன்சில்' என்ற பெயரில் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் நாட்டுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆக்கப்பட்டன. பல தலைமுறை உழைப்பு ஒரே அறிவிப்பில் வெறும் காகிதமானது. அந்த ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். தனித்தனியே கல்லாவில் சேர்த்தது போயிற்று. ஆனால் சூலியாக்கள் எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் ஜமாஅத்தாகக் கூடி எழுப்பிய பள்ளிவாசல் ரங்கூனில் இன்றும் நிற்கிறது. பொதுவில் வைத்தது நிலைத்தது!

திரும்பி வந்தவர்களில் சிலருக்கு இங்கே பிழைப்பு அமையவில்லை. தரைவழியாக மணிப்பூர் போய் மீண்டும் பர்மாவுக்குள் நுழைய முயன்றார்கள். எல்லையில் தடுக்கப்பட்டார்கள். அங்கேயே, மோரே என்ற சிற்றூரில் குடிசை போட்டு, வியாபாரம் தொடங்கி, தமிழ்ச் சங்கம் கண்டார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என எல்லாத் தமிழருக்கும் அந்த ஊரே வீடானது.

அவர்களையும் நெருப்பு விடவில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் மீண்டும் ராணுவ ஆட்சி வந்தது. எதிர்ப்பு உள்நாட்டுப் போரானது. 2022 ஜூலையில் எல்லை தாண்டிச் சென்ற மோரே தமிழர் இருவர் தமுவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூரே பற்றி எரிந்தது. அந்தச் சண்டை தமிழர் சண்டை அல்ல. ஆயினும் மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் ஒற்றை வியாபாரியின் குரல் யார் காதில் விழும்? இறந்தவர்களுக்காகக் குரல் கொடுக்கவும், சென்னை வரை செய்தி எட்டச் செய்யவும் அங்கே ஒரு சங்கம் இருந்தது.

உலக வரலாறும் இதையே சொல்கிறது. 1917 ரஷ்யப் புரட்சிக்குப் பின் உள்நாட்டுப் போர் மூண்டது. சைபீரியாவில் இருந்த போலந்து மக்கள் சிதறினார்கள். குழந்தைகள் அநாதைகள் ஆனார்கள். 1919இல் விளாதிவோஸ்தோக்கில் வாழ்ந்த போலந்துக்காரர்கள் மீட்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். அவர்களிடம் படை இல்லை, அரசாங்கம் இல்லை. ஜப்பானின் கதவைத் தட்டினார்கள். 1920 முதல் 1922 வரை 765 குழந்தைகளை ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்றுக் காப்பாற்றியது. "நீ யார் பக்கம்?" என்ற கேள்விக்கு அந்தக் குழுவின் பதில்: "குழந்தைகள் பக்கம்."

இளைஞர்களே! நம் பகுதியிலிருந்தும் பிழைப்புக்காக வெளிநாடு போகிறீர்கள். 2015இல் ஏமன், 2023இல் சூடான் என்று இந்தியர்களைக் கப்பலிலும் விமானத்திலும் அரசு மீட்க நேர்ந்ததே, அந்த நாடுகளுக்குப் போனவர்கள் போர் வரும் என்று எண்ணியா போனார்கள்? உங்கள் மஹல்லாவிலிருந்து யார், எந்த நாட்டில், எந்த ஊரில் இருக்கிறார் என்ற பதிவேடு ஜமாஅத்தில் இருக்கிறதா? பாஸ்போர்ட் நகல் வீட்டில் இருக்கிறதா? போன இடத்தில் ஊர்ச் சங்கத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ பெயர் கொடுத்தீர்களா?

வணிகர்களே! கடை உரிமம், வாடகை ஒப்பந்தம், சரக்குக் கணக்கு இவற்றின் நகல் கடைக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும். கடை எரிந்தபின் நஷ்டஈடு கேட்கத் தாள்தான் சாட்சி. பைத்துல்மாலுக்குக் கொடுப்பதை ரமளானோடு நிறுத்தாதீர்கள். சங்கம் என்றால் சந்தா, சண்டை, தேர்தல் என்று ஒதுங்காதீர்கள். மாற்று மதச் சகோதரர்களோடு வணிகர் சங்கத்தில் தோளோடு தோள் நில்லுங்கள். ஆபத்து வந்தபின் கூடும் கூட்டத்துக்குப் பெயர் அமைப்பு அல்ல, கும்பல்.

அமைதி இருக்கும்போதே அமைப்பைக் கட்டுங்கள். நாளை ஒருவன் வந்து "நீ யார் பக்கம்?" என்று கேட்டால், "பாதிக்கப்பட்டவன் பக்கம்" என்று ஊரே ஒரு குரலில் சொல்லட்டும்!