‘க = க + 1’ என்னும் பொய்

பள்ளியில் கணக்குப் பயின்ற ஒரு சிறுவனிடம் ‘க = க + 1’ என்றெழுதிக் காட்டினால், அவன் தயங்காமல் ‘தவறு’ என்பான். எந்த எண்ணும் தன்னினும் ஒன்று மிக்க எண்ணுக்கு நிகராகாது என்றறியப் பேரறிவு வேண்டுவதில்லை. அதே சிறுவன் வளர்ந்து கல்லூரிக்குட் புகுந்து கணிப்பொறி வகுப்பில் அமர்ந்த சின்னாளிலேயே, அப்பொய்யை மெய்யென்று எழுதப் பழக்கப்படுத்தப்படுகின்றான். ‘இது நிகர்மை அன்று, க என்னும் பெட்டியில் இருந்ததை எடுத்து, ஒன்று கூட்டி, மீண்டும் அப்பெட்டியிலேயே இடுக என்னும் கட்டளை’ என்று ஆசிரியர் அமைதி கூறுவார். கட்டளையாயின் கட்டளைக்கென ஒரு குறி இட்டிருக்கலாமே. கணக்கின் நிகர்க்குறியைக் கவர்ந்துகொண்டது எதற்கு? அல்கோல், பாசுகல் முதலிய மொழிகளை வகுத்தோர் நிகர்க்குறிக்கு முன் ஒரு முக்காற்புள்ளி இட்டுத் தம் நாணத்தைக் காத்துக்கொண்டனர். சி மொழியும் அதன் வழிவந்தனவும் அந்நாணத்தையும் துறந்தன.

இப்பொய்யைச் சொல்லாமலே கணிப்பொறிக்கு நிரல் எழுத வழியுண்டு. அவ்வழி நேற்று முளைத்ததுமன்று. இன்றைய கணிப்பொறிகள் தோன்றுமுன்னரே, 1930களில், அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் அலோன்சோ சர்ச்சு, ‘கணித்தல் என்பது யாது?’ என்னும் வினாவுக்குச் சார்புகளை மட்டுமே கொண்டு விடை கண்டார். பெட்டியுமில்லை, பெட்டியில் இடுதலுமில்லை. சார்பை வரையறுத்தலும் அதனை ஒன்றன்மேற் பொருத்துதலும் ஆகிய இரண்டே போதுமாயின. சான் மெக்கார்த்தி 1958இல் மாசாச்சுசெட்சு நுட்பக் கழகத்தில் தொடங்கிய இலிசுப்பு மொழி அவ்வேரிலிருந்து நீருண்டது. கட்டளைநெறி மொழிகளுள் மூத்ததாகிய போர்த்திரானை 1957இல் உலகுக்களித்த குழுவின் தலைவர் சான் பேக்கசோ, 1977ஆம் ஆண்டின் தூரிங்குப் பரிசைப் பெற்று ஆற்றிய உரையில், தாம் வளர்த்த நெறியையே குறைகண்டு சார்புநெறியின்பால் நின்றார். தம் கையால் நட்ட மரத்தின் கோணலைத் தாமே எடுத்துக்காட்டும் நெஞ்சுரம் எத்துணைப் பேர்க்கு வாய்க்கும்! பின்னர், 1987இல் ஓரிகன் மாநிலத்துப் போர்த்துலாந்து நகரிற் கூடிய அறிஞர், சிதறிக் கிடந்த பத்துக்கு மேற்பட்ட இவ்வகை மொழிகளுக்குப் பொதுவாக ஒரு தூய மொழியை அமைக்க உறுதி பூண்டனர். ஆசுகெல் கரி என்னும் அளவையியல் அறிஞரின் பெயரால் ‘ஆசுகெல்’ என வழங்கும் அம்மொழியின் முதல் வரையறை 1990இல் வெளிவந்தது.

அதனைத் தொடங்குவோன் கற்பது யாது? ‘க என்பது 5’ என்று ஒருகால் சொல்லிவிட்டால், அவ்வரையறையின் எல்லைக்குள் க என்றும் ஐந்தே. காலையில் ஐந்தும் மாலையில் ஆறுமாக அது நிறம் மாறாது. ஆகவே க வரும் இடமெல்லாம் ஐந்தையும், ஐந்து நின்றவிடத்துக் கவையும் அஞ்சாமல் மாற்றி வைக்கலாம்; பொருள் கெடாது. பள்ளிக் கணக்கில் நிகரானதை நிகரானதற்கு ஈடாக வைத்த அதே உரிமை இங்கு மீண்டும் கைக்கு வருகின்றது.

ஒரு பட்டியலிலுள்ள எண்களைக் கூட்ட வேண்டுமெனக் கொள்க. கட்டளைநெறியான் ஒரு பெட்டியில் சுழியத்தை இட்டு, பட்டியலில் ஒவ்வோர் அடியாக நடந்து, நடக்குந்தோறும் பெட்டியைத் திறந்து கூட்டி மூடுவான். எவ்வடியில் நிற்கின்றான், பெட்டியில் அப்பொழுது என்ன இருக்கின்றது என்பதையெல்லாம் தலையில் சுமந்து திரிவான். சார்புநெறியானோ இரண்டே வரிகள் எழுதுவான். வெறும் பட்டியலின் கூட்டுத்தொகை 0. வெறுமையல்லாத பட்டியலின் கூட்டுத்தொகை, அதன் தலையோடு எஞ்சியதன் கூட்டுத்தொகையைச் சேர்த்தது. 3, 5, 7 என்னும் பட்டியலுக்கு இதனைப் பொருத்துக: மூன்றோடு, ‘5, 7’ என்பதன் தொகை; அஃதாவது மூன்றோடு ஐந்தோடு, ‘7’ என்பதன் தொகை; ஈற்றில் 3 + 5 + 7 + 0; விடை 15. அவ்வளவே. இவ்விரு வரிகளும் எவ்வளவு நீண்ட பட்டியலுக்கும் பிழையாகா என்பதைக் கணிதத் தொகுத்தறிதலால் தாளிலேயே நிறுவலாம். பொறியை இயக்கிப் பார்த்து ‘பத்து முறை சரியாக வந்தது, பதினோராம் முறையும் வரும்’ என்று நம்பிக்கிடக்க வேண்டுவதில்லை.

அடுத்த படியில் மாணாக்கன் மேலும் வியப்பான ஒன்றைக் காண்கின்றான். எண்ணைக் கொடுப்பதுபோலவே ஒரு சார்பையே இன்னொரு சார்புக்குக் கொடுக்கலாம். ‘இருமடங்காக்கு’ என்பது ஒரு சார்பு. ‘பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின்மேலும் பொருத்து’ என்பது மற்றொன்று. முன்னதைப் பின்னதனுக்குக் கொடுத்தால் பட்டியல் முழுதும் இருமடங்காகின்றது. ‘1, 2, 3…’ என முடிவில்லாத எண்களின் பட்டியலையே வரையறுத்து, அதன் முதற் பத்தை மட்டும் கேட்கலாம். கேட்டதை மட்டுமே கணிப்பது ஆசுகெல்லின் இயல்பு. முடிவின்மை கண்டு அது மயங்குவதில்லை.

ஈண்டு ஒரு சொல்லாய்வும் வேண்டும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கு நூல் இதனைச் ‘சார்பு’ என்கின்றது; கணிப்பொறிப் பாடநூல்களோ ‘செயற்கூறு’ என்கின்றன. செயற்கூறு என்னும்போதே ‘ஏதோ செய்வது’ என்னும் எண்ணம் புகுந்துவிடுகின்றது. மெய்யான சார்பு எதனையும் செய்வதில்லை. அதன் விடை அதற்குக் கொடுக்கப்பட்டதை மட்டுமே சார்ந்து நிற்கின்றது. இன்று கொடுத்த 4க்கு 16 என்றால் என்றும் 16தான். தூய சார்பின் இலக்கணம் முழுவதும் அவ்வொரு தமிழ்ச் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கவும், கணிப்பொறிப் பாடநூல் மட்டும் அதனை ஏன் ஒதுக்கிற்றோ!

இனி, இம்மொழிக்கு நேர்ந்த ஒரு வழக்கைக் காண்க. தெக்சாசுப் பல்கலைக்கழகத்தின் ஆசுத்தின் வளாகத்தில், கணிப்பொறியியலில் நுழையும் மாணாக்கர்க்கு ஆசுகெல் முதன்மொழியாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. 2001இல் அதனை நீக்கி, சன் நிறுவனம் 1995இல் வெளியிட்ட சாவா என்னும் மொழியை அவ்விடத்தில் வைக்க முனைந்தனர். அப்பல்கலைக்கழகத்தில் 1984 முதல் 1999 வரை பேராசிரியராய் இருந்து ஓய்வுபெற்ற எட்சர் தைக்சுதிரா, அவ்வாண்டு ஏப்பிரலில் துறையின் குழுவினர்க்கு ஒரு மடல் வரைந்தார். 1972இலேயே தூரிங்குப் பரிசு பெற்ற ஆலந்து நாட்டு அறிஞர் அவர், சார்புநெறிக்கெனவே வாழ்ந்தவருமல்லர். கட்டளைநெறி நிரல்களைப் பிழையின்றி நிறுவும் முறைக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தவர். அத்தகையவர் வாயிலிருந்து வந்த சான்று என்பதே அம்மடலின் எடை.

சாவா பரவியது அதன் தகுதியாலன்று, விளம்பரத்தாலும் விற்பனைத் திறத்தாலுமே என்று அவர் ஒளிவு மறைவின்றி எழுதினார். குறையுள்ளதைத் தொழிலுலகம் ஏற்றுக்கொண்டால் பல்கலைக்கழகமும் ஏற்க வேண்டுமென்பதில்லை என்றார். புதியதொன்றில் தொடங்கும்போது, முன்னரே கட்டளைமொழி தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே நிரையில் நிற்பர் என்றும், சார்புநெறி நிரலைக் கணிதப் பொருளாகவே நோக்கலாமாதலின் செறிவாக எண்ணும் முறையை அதன்வழிக் கற்பிக்கலாம் என்றும் கரணியம் காட்டினார். கருவி கையை மட்டும் பழக்குவதில்லை, பழகுவோனையே வடிக்கின்றது என்பது அவர் மடலின் உயிர்நாடி. மடல் மாற்றத்தைத் தடுக்கவில்லை. சாவா வந்தமர்ந்தது. அடுத்த ஆண்டு தைக்சுதிரா மறைந்தார்.

சாவாவுக்கு வழக்காடினோர் கூற்று எத்தன்மைத்து? ‘வேலை கிடைக்கும்’ என்பது முதற் கூற்று. முதலாண்டு மாணாக்கன் அன்றே வேலைக்குப் போகின்றானா? நான்காண்டு கழித்துச் சந்தை எதனை விரும்பும் என்று எவர் கண்டார்? சாவாவையும் தள்ளிப் பல கல்லூரிகளில் இன்று பைத்தான் முதலிருக்கையில் அமர்ந்துள்ளது. சந்தையின் பின்னோடுபவனுக்கு இருக்கையில் அமரும் பொழுதே வாய்ப்பதில்லை. ‘கடினம்’ என்பது இரண்டாங் கூற்று. எவர்க்குக் கடினம்? பத்தாண்டு பெட்டிகளோடு புழங்கியவர்க்குக் கடினமே; பெட்டியையே அறியாத இளைஞனுக்கு இரு வரிக் கூட்டுத்தொகையில் என்ன கடினம்? ஆயினும் ஒன்றை மறைத்தல் முறையாகாது. ஆசுகெல் குறையற்ற மொழி அன்று. கணிக்கப்படாமல் நிறுத்தி வைத்தவை நினைவகத்திற் குவிந்து நிரல் திணறுவதுண்டு. பிழை நேர்ந்தால் அது காட்டும் அறிவிப்புகள் தொடக்கத்தானை மருட்டுவதுமுண்டு. அவற்றைக் களைவது ஆசிரியன் கடன்.

‘தூய்மை உலகியலுக்கு உதவாது’ என்னும் மூன்றாங் கூற்றே நெடுங்காலம் நின்றது. தூய சார்பு திரையில் ஓர் எழுத்தையும் இடாது, கோப்பு ஒன்றையும் திறவாது. பின் அதனால் ஆவதென்? இவ்வினா ஆசுகெல் அறிஞரையும் தொடக்கத்தில் வாட்டியது மெய்யே. அவர்கள் செய்ததென்ன? ‘சிறிது கலந்துகொள்வோம்’ என்று கதவை அகலத் திறந்தார்களா? இல்லை. இத்தாலிய அறிஞர் ஊசேனியோ மோகி 1989இல் கண்ட ஒரு கணிதக் கருத்தைப் பிலிப்பு வாட்லரும் சைமன் பெய்ட்டன் சோன்சும் எடுத்தாண்டு, புறவுலகைத் தொடும் பகுதிகட்கெல்லாம் தனி வகையொன்று அமைத்தனர். 1996இல் அது மொழி வரையறையிலும் இடம்பெற்றது. எப்பகுதி புறத்தைத் தொடும், எப்பகுதி தொடாது என்பதை நிரலின் வகைக்குறிப்பே சொல்லிவிடும். வாயில் உண்டு, வாயிலில் காவலும் உண்டு. தூய்மையை விடாமல் நின்றதனாலன்றோ அவ்வழி புலப்பட்டது!

தள்ளியவர்களே பின்னர் அள்ளியதையும் காண்க. 2004இல் சாவா ஏற்ற பொதுவகை அமைப்பை உருவாக்கினோருள் ஒருவர், ஆசுகெல்லை வகுத்தோருள் ஒருவராகிய அதே வாட்லர். 2014இல் சர்ச்சின் 1930களின் பெயரில்லாச் சார்புகளும் சாவாவிற்குட் புகுந்தன. கூகுள் நிறுவனத்தார் பன்னூறு பொறிகளில் ஒருசேரக் கணிக்கும் தம் முறையை 2004இல் வெளியிட்டபோது, அதன் கருவை இலிசுப்பு முதலிய சார்பு மொழிகளிலிருந்து பெற்றதாக அவர்களே குறித்தனர். முகநூல் நிறுவனம், தீய செய்திகளைத் தடுக்கும் தன் அமைப்பின் விதிகளை ஆசுகெல்லில் எழுதியதை 2015இல் அறிவித்தது. மாறாத மதிப்புகளைப் பல செயலிகள் ஒருங்கே படித்தாலும் பூசல் விளையாது. ஒரு பெட்டிக்குப் பத்துக் கைகள் போட்டியிட்டால் விளையாதிருக்குமா?

எடின்பரோவிலும் ஆக்சுபோர்டிலும் முதலாண்டு மாணாக்கர் ஆசுகெல் கற்றே வருகின்றனர். இங்கும் ஒரு விதை விழுந்தது. தமிழ்நாட்டில் 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் நூலின் முதலியலே சார்பைப் பற்றியது. தூயது எது, தூயதல்லாதது எது என்று பிரித்துக் காட்டி, தன்னைத் தானே அழைக்கும் வரையறைகளையும் அது தருகின்றது. எழுதியோரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயின் அவ்வியலை இயக்கிப் பார்க்க ஒரு சார்புநெறி மொழியை அந்நூல் மாணாக்கன் கையிற் கொடுக்கவில்லை. சில இயல்கள் கழிந்ததும் பைத்தான் வருகின்றது; சுழற்சி பற்றிய பாடம் வருகின்றது; தூய சார்பின் இலக்கணத்தை மனப்பாடம் செய்து முடித்த அதே கை, அங்கே ‘க = க + 1’ என்று எழுதுகின்றது.