பாம்புக்கு முதலாளி இல்லை, மண்டபத்துக்கு உண்டு

கல்யாண மண்டபத்தில் படுத்திருந்த ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். "மண்டபக்காரர் என்ன பண்ணுவார் பாவம், பாம்பை அவரா வளர்க்கிறார்?" என்பார் ஒருவர். "எல்லாம் அவங்க நேரம்" என்பார் அடுத்தவர். கொஞ்சம் சட்டம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவர், "காட்டு ஜீவன் எல்லாம் வனத்துறை சொத்து. நஷ்ட ஈடு வேண்டுமானால் அங்கே போய்க் கேள்" என்று பேச்சை முடித்துவிடுவார். நாலாவது ஆள் வாயே திறக்கமாட்டார், சுவரில் இருக்கும் பலகையைக் காட்டுவார்: "எந்த அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல."

இந்த நாலு பதிலும் தவறு. நம் ஜனங்கள் நல்ல மனதோடுதான் இப்படிப் பேசுகிறார்கள். ஆனால் அந்த நல்ல மனதால் பிழைப்பது யார் என்று பார்த்தால், ஒரு நாள் வாடகையைக் கறாராக முன்பணம் வாங்கிக்கொண்ட ஆள்தான். கடி வாங்கியவர் வீட்டுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

பாம்பும் முதலையும் எப்போதோ அதிசயமாகத் தென்படுகிற மாவட்டமா கடலூர்? தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலில் கலக்கிற வடிகால் பூமி இது. 2015 மழையிலும் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய வெள்ளத்திலும் தண்ணீர் ஊருக்குள் புகுந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வளை மூழ்கிய பாம்பு மேட்டைத் தேடித்தான் வரும், அந்த மேடு பெரும்பாலும் யாரோ ஒருவரின் கடையாகவோ வீடாகவோ இருக்கும். சிதம்பரத்துக்குத் தெற்கே பழைய கொள்ளிடத்தை ஒட்டிய வேளக்குடி, அகரநல்லூர் வட்டாரத்தில் கதை இன்னும் பெரியது. அங்கே முதலை வாய்க்காலில் வரும், குளத்தில் கிடக்கும், சில நாள் தெருவிலேயே வந்து நிற்கும். வனத்துறையினர் வந்து கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு போய் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது அந்தப் பக்கத்தில் செய்தியாகவே மதிக்கப்படாத அளவுக்குப் பழகிவிட்டது. குளிக்கப் போனவர்கள் காயம்பட்டதும் உயிரிழந்ததும் உண்டு.

ஊரே அறிந்த ஆபத்து இது. அப்படியிருக்க, இந்த ஊரில் காசு வாங்கித் தொழில் நடத்துகிறவர் மட்டும் "எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் எப்படி ஒப்புவது? வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. பாம்பு யாருடையது என்பது கேள்வியே அல்ல. அது வரக்கூடும் என்று யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்து அவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

வயலையும் வாய்க்காலையும் ஒட்டி எழும்பியிருக்கும் மண்டபங்களில் ஒன்றை முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். முன்னால் சீரியல் விளக்கு, பன்னீர்ச் செம்பு, வாழை மரம். பின்னால் எச்சில் இலைக் குவியல். போன முகூர்த்தத்து இலையே அடியில் மக்கிக்கொண்டிருக்கும். அதை ஒட்டி விறகுக் கட்டு, மிச்சமான செங்கல், பழைய தகரம். சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். கழிப்பறைக்குப் போகும் வழியில் டியூப் லைட் எரியாது. சாக்கடைத் துளைக்குக் கம்பிவலை கிடையாது. பின்கதவுக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் ஜமுக்காளம் விரித்து முப்பது நாற்பது பேர் தரையில் படுத்திருப்பார்கள்.

கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு. தூங்குகிறவரை அது கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, வீக்கமும் பெரிதாக இருக்காது. விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்பார். ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது ஓமவாட்டர் கொடுப்பார்கள். இமை தொங்கிப் பேச்சு குழறிய பிறகுதான் விஷயம் புரியும். அதற்குள் மூச்சு திணற ஆரம்பித்திருக்கும். அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனால் பிழைக்கலாம், நேரம் இருந்தால்.

இதில் விதி எங்கே வந்தது? இலைக் குவியலைப் போட்டது விதியா? விளக்கை மாற்றாமல் விட்டது விதியா? பாம்பை வளர்க்கவில்லை என்பது உண்மைதான். அது வருவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் வளர்த்திருக்கிறார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. அரசே கணக்கு வைத்துக் கண்காணிக்கிற ஆபத்தை, வியாபாரி மட்டும் வானத்திலிருந்து விழுந்த இடி போலப் பேசக் கூடாது.

"காட்டு விலங்குக்காக வியாபாரியைப் பொறுப்பாக்குவதெல்லாம் வெளிநாட்டுச் சட்டம்" என்று சிலர் கை கழுவப் பார்ப்பார்கள். பக்கத்துக் கேரளத்தைப் பார்க்கட்டும். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், காட்டை ஒட்டிய ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கிய இளம் ஆசிரியை யானை தாக்கி இறந்தார். மாவட்ட நிர்வாகம் விடுதியை மூடியது. உரிமையாளரையும் மேலாளரையும் போலீஸ் கைது செய்தது. யானைக்கு முதலாளி யார் என்று அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. யானை நடமாடும் இடத்தில் துணிக் கூடாரம் அடித்து வாடகைக்கு விட்டது யார் என்றுதான் கேட்டார்கள். திருப்பதியில் 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பே அதே பாதையில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்வியிருந்தது. பிறகுதான் தேவஸ்தானம் பிற்பகலுக்குமேல் சிறுவர்களை நடக்கவிடாமல் தடுத்தது, பக்தர்கள் கையில் கம்பு கொடுத்தது. முதல் சம்பவத்துக்குப் பின்னால் எந்த நிறுவனத்துக்கும் "எதிர்பார்க்கவில்லை" என்று சொல்கிற உரிமை போய்விடுகிறது.

எதிர்பார்த்திருக்க வேண்டியது எது, எதிர்பார்க்க முடியாதது எது என்ற எல்லைக்கோட்டை அமெரிக்காவில் இரண்டு சம்பவங்கள் அழகாகக் காட்டும். ஃபுளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தின் விடுதி ஒன்று, ஏரிக்கரையில் மணல் கொட்டிக் கடற்கரை போலச் செய்து வைத்திருந்தது. 2016 ஜூனில் அங்கே தண்ணீர் ஓரம் நின்ற இரண்டு வயதுக் குழந்தையை முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டர் இழுத்துக்கொண்டு போனது. "நீந்தாதீர்" என்று பலகை இருந்தது, முதலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழந்தையின் பெற்றோர் வழக்குப் போடவில்லை. ஆனாலும் நிறுவனம் சில நாளிலேயே எச்சரிக்கைப் பலகையும் வேலியும் வைத்தது. அதற்கு முந்தின நாள்வரை அந்த ஏரியில் முதலை இல்லை என்று எந்த ஃபுளோரிடாக்காரரும் நினைத்திருக்கமாட்டார்.

மற்றது, வியாபாரி ஜெயித்த வழக்கு. போர்ட்டோ ரிக்கோ தீவில் அலையாத்திச் சதுப்பை ஒட்டிய ஹயாட் விடுதியில், 1995-இல் நீச்சல் குளத்தருகே படுத்திருந்த பெண்ணை வெறி பிடித்த கீரி கடித்தது. 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதி பொறுப்பல்ல என்றது. கீரி காட்டுப் பிராணி என்பதற்காக மட்டும் அல்ல. கீரி அங்கே வந்து ஆளைக் கடிக்கும் என்று விடுதி முன்கூட்டி அறிந்திருக்க ஆதாரம் எதுவும் இல்லை என்பதே முக்கியமான காரணம். பிச்சாவரத்து அலையாத்திக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் நாளைக்கு "ரிவர் வியூ" என்று விடுதி கட்டப் போகிறவர் இந்தத் தீர்ப்பைத் தனக்குச் சாதகம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. முதலை விஷயத்தில் அவருக்கு அந்த வாசல் திறக்காது.

பலகைக்கு வருவோம். "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதிவிட்டால் சட்டம் வாசலோடு திரும்பிப் போய்விடும் என்று கடைக்காரரும் நம்புகிறார், அதைவிடப் பெரிய சோகம், வாடிக்கையாளரும் நம்புகிறார். டெல்லி தாஜ் மகால் ஹோட்டலில் 1998-இல் ஒருவர் காரை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்தார், கார் களவு போனது. வண்டி உரிமையாளர் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது என்று சீட்டில் அச்சடித்திருக்கிறோமே என்றது ஹோட்டல். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன்னுடைய கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒரு சீட்டில் அச்சடித்துத் தள்ளிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு மாருதி ஜென்னுக்கு இருக்கும் பாதுகாப்பு ஜமுக்காளத்தில் தூங்கும் மனிதருக்கு இல்லை என்று எந்த வக்கீல் வாதாடுவார்? வாதாட ஆள் கிடைக்கும், அது வேறு விஷயம்.

வனத்துறை சொத்து என்ற வாதமும் அரைகுறை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, வேட்டையாடப்பட்ட, பிடித்து வளர்க்கப்பட்ட, செத்துக் கிடந்த விலங்குகளை அரசின் சொத்து என்கிறது. இலைக் குவியலுக்குள் உயிரோடு சுற்றுகிற கட்டுவிரியனை அரசின் சொத்தாக அது சொல்லவில்லை. வன விலங்கு தாக்கினால் அரசு தருவது கருணைத் தொகை. அதை வாங்கிக்கொண்டதால், கவனக்குறைவாக இருந்தவர்மேல் கேட்க வேண்டிய ஈடு தீர்ந்துபோகாது. இரண்டும் வேறு வேறு.

"இப்படிப் பேசினால் சின்ன வியாபாரி பிழைக்கமுடியுமா?" என்ற கேள்வி நியாயமானது, எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் சட்டம் கேட்பது அற்புதம் அல்ல, நியாயமான கவனம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் விற்கிறவரிடம் எதிர்பார்ப்பதும், ஒரு இரவுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் விடுதியிடம் எதிர்பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. சுத்தமான கடைக்குள் பட்டப்பகலில் ஒரு பாம்பு முதல்முறையாக நுழைந்து கடித்துவிட்டால் கடைக்காரர்மேல் பழி இல்லை, இருக்கவும் கூடாது. வாடிக்கையாளரே சீண்டப் போயிருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். மண்டபக்காரர் செய்ய வேண்டியது என்ன? இலையை அன்றன்றைக்கே அகற்றவேண்டும், சாக்கடைக்கு வலை போடவேண்டும், கதவடியில் ரப்பர் பட்டை அடிக்கவேண்டும், விளக்கு எரியவேண்டும், யாரையாவது கடித்துவிட்டால் மந்திரிக்கிறவரைத் தேடாமல் 108-க்குப் போன் போடவேண்டும். இதற்கு ஆகிற செலவு மேடை அலங்காரத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது. அதையும் மீறி ஏதாவது நடந்தால் தாங்கப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசி இருக்கிறது.

வழக்கு வரும் என்றால் பாம்பையெல்லாம் அடித்துக் கொன்றுவிடுவார்களே என்று சூழல் ஆர்வலர்கள் அஞ்சலாம். இப்போது மட்டும் கொல்லாமலா இருக்கிறார்கள்? பாம்பை அடிப்பது கவனம் ஆகாது. எலிக்கு இரை போடுவதை நிறுத்தாதவரை அடுத்த பாம்பு அதே வழியில் வரும். பொறுப்பு தன் தலையில் விழும் என்று தெரிந்தவர்தான் தடிக்குப் பதில் குப்பையைக் கவனிப்பார்.

படிக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. மண்டபம் பேசியது பெண் வீட்டார், கடி வாங்கியது ஏதோ தூரத்துச் சொந்தம் என்றாலும் சட்டம் கைவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மருத்துவமனைப் பதிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, வாடகை ரசீது, அந்தப் பின்பக்கத்தின் போட்டோ, உடன் படுத்திருந்த இருவரின் வாக்குமூலம் இவற்றை எடுத்து வையுங்கள். போட்டோவை அன்றைக்கே எடுங்கள், மறுநாள் அந்த இடம் கண்ணாடி மாதிரி இருக்கும். கொடுத்த வாடகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. கடலூரில்தான் போடவேண்டும் என்றும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு.