‘தொடாதீர்’ என்னும் பலகை

அருங்காட்சியகம் என்றவுடன் நம் மக்கள் நினைவில் முதற்கண் தோன்றுவது அங்குள்ள அரும்பொருள் அன்று. அதன் முன் தொங்கும் ‘தொடாதீர்’ என்னும் பலகையே. நடுகல்லையும் செப்பேட்டையும் காக்கும் மனைக்கு அப்பலகை தகும். ஆயிரம் ஆண்டுக்கு முன் வெட்டிய எழுத்தை ஒருமுறை தேய்த்தழித்துவிட்டால், மறுமுறை வெட்டுவதற்கு அம்மன்னனும் வரான், கல்தச்சனும் வரான். ஆனால், அறிவியலைச் சிறுவர்க்கு உணர்த்தவென்றே பொதுப்பணத்தைச் செலவிட்டு எழுப்பிய மனையிலும் அதே பலகை தொங்குமானால், அதனை என்னென்பது? நீச்சற் குளம் ஒன்றை வெட்டிவிட்டு, ‘நீரில் இறங்காதீர்’ என எழுதி வைப்பதற்கும் அதற்கும் வேறுபாடு யாது?

சென்ற கோடை விடுமுறையில் எம் தெருப் பிள்ளைகள் நால்வரை அத்தகைய மனையொன்றுக்கு அழைத்துச் சென்றோம். ஊரும் பெயரும் வேண்டா. பொறிகள் பலவற்றின்மேல் ‘பழுது’ என்று தாள் ஒட்டியிருந்தனர். அத்தாளே பழுத்து மஞ்சளாகியிருந்தது. சிலவற்றில் கைப்பிடி கழன்ற துளை மட்டும் எஞ்சியிருந்தது. கெடாமல் இருந்தது ஒரு சுழல்மணை. அதன்மேல் ஏறி நின்று, கைகளை அகல விரித்தவாறு சுழல வேண்டும். பின்னர்க் கைகளை மார்போடு அணைத்தால் சுழற்சி சட்டென விரைவுறும். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நான்கு முறை ஏறி இறங்கிவிட்டு, “ஏன் அண்ணா இப்படி?” என்று அங்கு நின்ற இளைஞரைக் கேட்டாள். அவர் பேசாமல் பலகையைச் சுட்டினார். ‘கோண உந்தம் மாறாமை’ என்று அதில் எழுதியிருந்தது.

தூய தமிழ்தான். யாம் அதிற் குறைகாண ஒன்றுமில்லை. ஆயினும் அவள் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. மாலையில் பேருந்தில் திரும்புகையில் அவளே சொன்னாள்: “தாத்தா, தட்டாமாலை சுற்றும்போது கையை மடக்கிக்கொண்டால் இன்னும் விரைவாகச் சுற்றுமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?”

ஒன்றேதான்! சுழலும் உடலின் எடை நடு அச்சினின்றும் விலகிப் பரந்து நிற்குங்கால் சுழற்சி மெல்ல நிகழும். அச்சை நெருங்குங்கால் விரைவுபடும். வெளியிலிருந்து வேறொரு முறுக்கம் வந்து தாக்காத வரை, பரப்பு குறைந்த அளவிற்குச் சுழற்சியின் விரைவு கூடி ஈடுசெய்துகொள்ளும். அந்த இளைஞர் ‘தட்டாமாலை’ என்னும் ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், மீதியை அவளே சொல்லியிருப்பாள். கோண உந்தம் என்னும் பெயர் அதன்பின் வந்திருந்தால், அஃது அவள் உடைமை ஆகியிருக்கும். முன்னால் வந்ததனால் சுவராகி நின்றது. தனித்தமிழ்ப் பற்றாளராகிய நம்மனோர் இதனை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்: அயற்சொல்லை நீக்கியதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. கை முன்னே செல்ல வேண்டும். சொல் அதன் பின்னே வர வேண்டும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்து ஒரு மனையையே எழுப்பிக் காட்டியவர் ஒருவர் உண்டு. பிராங்கு ஓப்பன்கைமர் என்பது அவர் பெயர். அணுகுண்டு செய்த இலாசு அலாமோசு ஆய்வகத்தின் தலைவராயிருந்த இராபர்ட்டு ஓப்பன்கைமரின் இளவல். தாமும் இயற்பியலறிஞர், அப்பணியில் ஈடுபட்டவர். 1949-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்னொருகால் பொதுவுடைமைக் கட்சியில் இருந்ததை ஒப்புக்கொண்டார். பிறர் பெயரைச் சொல்ல மறுத்தார். மின்னசோட்டாப் பல்கலைக்கழகப் பணி பறிபோயிற்று. வேறு பல்கலைக்கழகமும் கதவு திறக்கவில்லை. கொலராடோ மலைப்பகுதியில் மாட்டுப் பண்ணை நடத்தி வாழ்ந்தார். 1957-இல் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். கருவிகள் இல்லாத சிற்றூர்ப் பள்ளி. மாணவரைக் குப்பைக் கிடங்கிற்கு அழைத்துச் சென்று, உடைந்த பொறிகளின் உறுப்புகளைக் கொண்டே இயற்பியல் கற்பித்தார். அறிஞன் ஒருவனை மாடு மேய்க்க விரட்டிய ஆட்சி, தான் அறியாமலே உலகச் சிறுவர்க்கு ஒரு நன்மை செய்தது!

பின்னர்ப் பல்கலைக்கழகம் அவரை மீண்டும் ஏற்றது. 1965-இல் ஐரோப்பா சென்று அங்குள்ள அருங்காட்சியகங்களைக் கண்டார். செருமனியின் மியூனிக்கு நகரில் ஓசுகர் வான் மில்லர் என்னும் பொறியியலர் 1903-இல் தோற்றுவித்த அருங்காட்சியகம், 1925 முதல் தன் பெருமனையில், காண்போர் தாமே முடுக்கிப் பார்க்கும் பொறிகளை வைத்திருந்தது. இலண்டனில் 1931-இலேயே சிறுவர்க்கெனத் தனிக்கூடம் திறந்திருந்தனர். பாரிசில் இயற்பியலறிஞர் சான் பெரேன் 1937-இல் அமைத்த கண்டுபிடிப்பு மாளிகையில் ஆய்வுகளை மக்கள் கண்முன்னே செய்து காட்டினர். இவற்றின் நல்லனவற்றையெல்லாம் உளங்கொண்டு, 1969-இல் சான் பிரான்சிசுகோ நகரில், 1915-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகக் கட்டிய பழைய கலைமாளிகையில் ‘எக்சுப்ளோரட்டோரியம்’ என்னும் மனையைத் தொடங்கினார். தேடியறி மனை எனத் தமிழில் நாம் வழங்கலாம். திறப்பு விழா இல்லை, அமைச்சர் இல்லை, அந்நாளில் அங்குப் பொறிகளே மிகுதியாக இல்லை. கதவைத் திறந்துவைத்தார், அவ்வளவே. 1985-இல் அவர் மறைந்தார். அம்மனை 2013-இல் அந்நகரத் துறைமுகப் பகுதிக்குக் குடிபெயர்ந்து இன்றும் இயங்குகின்றது.

அம்மனையில் நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது பொறிகளை அன்று, பட்டறையை. பொறி செய்யும் பட்டறையை மறைவான அறையில் பூட்டி வைக்காமல், வருவோர் கண்ணிற் படுமாறு அமைத்தார். இரும்பு அறுப்பதையும் மரம் இழைப்பதையும் பழுது நீக்குவதையும் குழந்தைகள் நின்று பார்த்தனர். நாள்தோறும் பன்னூறு கைகள் திருகும் பொறி தேயத்தான் செய்யும். தேய்ந்தது என்றால் குழந்தைகள் அதனை விரும்பினர் என்று பொருள். அதனைக் குற்றமாகக் கருதி ‘தொடாதீர்’ பலகை மாட்டுபவன், பிள்ளை உண்டதனால் சோறு குறைந்தது என்று அடுப்பை அணைப்பவனை ஒப்பான். நம் நாட்டிலோ, திறக்கும் நாளுக்குப் பணம் ஒதுக்குவர். மறுநாள் கழலும் திருகாணிக்கு ஒதுக்கார்.

விளக்குவோர் யாவர்? பட்டம் பெற்ற அறிஞரை அவர் நிறுத்தவில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவரையே சம்பளம் கொடுத்து அமர்த்தினார். வகுப்பில் முதலிடம் பெற்றோரை மட்டும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. மாட்டின் கண்ணை அறுத்து, உள்ளிருக்கும் வில்லையை எடுத்துக் காட்டி, அதன் வழியே ஒளி வளைவதை விளக்கியவர்கள் இம்மாணவர்களே. தனக்குச் சில அகவையே மூத்த ஒருவரிடம் வினா எழுப்பக் குழந்தை கூசுவதில்லை. தெரியாத வினா வந்தால் அம்மாணவரும் தேடிக் கற்பார். இன்னொன்றும் செய்தார். தம் பொறிகளைச் செய்யும் முறையை மறைக்காது, சமையற் குறிப்புப் போல எழுதி, 1975 முதல் நூற்றொகுதிகளாக வெளியிட்டார். 200-க்கு மேற்பட்ட பொறிகள் அவற்றில் அடங்கும். உலகெங்கும் பல அறிவியல் மனைகள் அவற்றைப் பார்த்தே பொறி செய்தன.

இந்தியாவிலும் இம்முயற்சி புதியதன்று. கொல்கத்தாவில் 1959-இல் தொழில்நுட்ப அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. 1965-இல் அது பொறிகளைப் பேருந்தில் ஏற்றிச் சிற்றூர்ப் பள்ளிகட்கும் கொண்டு சென்றது. தமிழகத்தில் திருநெல்வேலியில் 1987-இலும், சென்னைக் கோட்டூர்புரத்தில் பெரியார் பெயரில் 1988-இலும் அறிவியல் மனைகள் எழுந்தன. அவை நம்முடையவை, வாழ வேண்டியவை. அதனாலேயே கேட்கின்றோம்: அத்தகைய மனைகளில் அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை, உரிய சம்பளத்துடன், விளக்குநராக ஏன் அமர்த்தக் கூடாது? கப்பியின் இயல்பை விளக்க மேனாட்டுப் படம் எதற்கு? நிலையான ஒற்றைக் கப்பி, இழுக்கும் திசையை மட்டுமே மாற்றும் என்பதைக் கிணற்றில் நீர் சேந்தும் நம் வீட்டுப் பெண் அறிவாள். அதனோடு இயங்கும் கப்பி ஒன்றைச் சேர்த்தால் இழுக்கும் விசை பாதியாகும். இழுக்க வேண்டிய கயிற்றின் நீளம் இருமடங்காகும். ஒரு மணையில் குழந்தையை அமர்த்திக் கயிற்றை அதன் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டு அது சிரிக்கும் சிரிப்பு எப்பாடநூலிலும் இல்லை. நெம்புகோலுக்கு ஏற்றம் இருக்கின்றது. உருளைக்கு நுங்கு வண்டி இருக்கின்றது. துலாக்கோல் ஒவ்வொரு சந்தையிலும் தொங்கியது. இவற்றைப் பழம்பொருளெனக் கண்ணாடிப் பேழையில் பூட்டி, அங்கும் ‘தொடாதீர்’ என எழுதிவிடாமல், இறக்கி இயக்க வையுங்கள்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. நம் தச்சரும் கொல்லரும் மிதிவண்டிப் பட்டறைக்காரரும் செய்யக்கூடிய வேலையே இது. ஊர்தோறும் மன்றம் நடத்தும் நம் அன்பர்கள், ஒரு திண்ணையில் மூன்று பொறிகளைச் செய்துவைத்தும் இதனைத் தொடங்கலாம். செய்வோர் எமக்கு எழுதுக. செய்முறையைப் படத்துடன் இவ்விதழில் வெளியிடுவோம். உடைந்த பொறியைப் பற்றியும் எழுதுக; ஏன் உடைந்தது என்பதும் பிறர்க்குப் பயன்படும்.

காலாண்டு விடுமுறையில் அம்மனைக்கு மீண்டும் அழைத்துச் செல்வதாக அச்சிறுமிக்குச் சொல் கொடுத்திருக்கின்றோம். ‘பழுது’த் தாள்களை ஒன்று விடாமல் எண்ணி, ஒரு சுவடியில் குறித்து வைத்திருக்கின்றாள். எத்தனை கழன்றன என்று அவளே சரிபார்ப்பாளாம்.