பிள்ளைகள் எடுத்த கணக்கு

கல்கத்தாவில் ரிஷி அரவிந்தர் காலனி என்றொரு குடிசைப் பகுதி உண்டு. ஒரு மகானின் பெயரைத் தாங்கிய அந்த இடத்தில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்து வந்தபோதிலும், நகரத்தின் வரைபடத்தில் அது வெற்றிடமாகவே இருந்து வந்தது. ‘பிரயாசம்’ என்னும் தொண்டு ஸ்தாபனத்தின் ஊக்கத்தால் அங்கே வசித்த சிறுவர் சிறுமியர் சிலர், நோட்டும் பென்சிலுமாகச் சந்து சந்தாக நடந்து, வீடுகளை எண்ணி, எந்தக் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து விட்டுப்போயிற்று என்று விசாரித்து எழுதி, தங்கள் காலனியின் படத்தைத் தாங்களே வரைந்தார்கள். மருந்து கொடுக்கும் நாளில் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் கூவி அழைத்தவர்களும் அவர்களே. 2013-இல் வெளிவந்த ‘தி ரெவல்யூஷனரி ஆப்டிமிஸ்ட்ஸ்’ என்ற ஆவணப்படத்தில் அவர்களுடைய உழைப்பைக் காணலாம்.

பெரியவர்களின் காரியத்தைக் குழந்தைகள் விளையாட்டாகச் செய்து பார்த்தார்கள் என்று இதை எண்ணிவிடலாகாது. சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டில் ‘பி’ என்றும், குழந்தை விடுபட்ட வீட்டில் ‘எக்ஸ்’ என்றும் சுண்ணக்கட்டியால் குறியிடுவது வழக்கம். கதவைத் தட்டுகிறவர் அயலாராக இருந்தால், அச்சத்தினாலோ அவநம்பிக்கையினாலோ ‘இங்கே குழந்தை இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடும் தாய்மார் உண்டு. ஆனால் அப்படிச் சொன்ன தாய் பிறந்தகத்திலிருந்து கைக்குழந்தையோடு நேற்றுத்தான் திரும்பினாள் என்பது அடுத்த வீட்டுச் சிறுமிக்குத் தெரியும். எந்த இலாகாவின் பதிவேட்டிலும் அகப்படாத விவரம் அது. விடுபட்ட ஒரு குழந்தை எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை: தேசத்தில் இயற்கையான போலியோக் கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி, ஹூக்ளி நதிக்கு அக்கரையிலுள்ள ஹௌரா ஜில்லாவில் 2011 ஜனவரி 13 அன்று நோய்வாய்ப்பட்ட, சொட்டு மருந்து பெற்றிராத ஒரு பெண் குழந்தை.

பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மானிடவியல் அறிஞர் அர்ஜுன் அப்பாதுரை, ஆராய்ச்சி செய்வது கற்றறிந்த சிலரின் தனிச்சொத்தன்று, சாமானிய ஜனங்களின் உரிமை என்று 2006-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் வாதித்தார். அந்த அபிப்பிராயத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆயினும் பல இடங்களில் அந்த உரிமை பேச்சோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் வெயிலில் அலைந்து கணக்கெடுத்து வந்தபின், கை தட்டி, ஒரு சான்றிதழும் கொடுத்து, அவர்கள் கொண்டுவந்த காகிதத்தை மூலையில் போட்டுவிடும் வழக்கம் எனக்குச் சிறிதும் சம்மதமில்லை. அது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. எடுத்த கணக்குக்குப் பதில் கிடைக்காத வாலிபன், நிர்வாகத்தோடு பேசிப் பயனில்லை என்ற பாடத்தையே கற்றுக்கொண்டு போகிறான்.

இதற்கு மாறாக, கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்றே ‘மக்கள கிராம சபை’ கூட்டுகிறார்கள். அங்கே பள்ளிக்குச் செல்லும் பாதையையும் கழிப்பறையையும் பற்றிப் பிள்ளைகள் கேட்க, பஞ்சாயத்தார் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. நம் ஊராட்சித் தலைவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் அரைமணி நேரம் ஒதுக்கி, உங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் குடிநீர்க் குழாய்களையும் எரியாத தெருவிளக்குகளையும் எண்ணி வரச் சொல்லுங்கள்; அவர்கள் வாசிப்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்பதை அடுத்த சபையில் அவர்கள் முன்னிலையிலேயே படித்துக் காட்டுங்கள்.