வாலைப் பார்த்து வகை பிரிக்கலாமா?

ஆங்கில வாக்கியத்தில் ‘ஆட்வெர்ப்’ எது என்று கேட்டால், நம் பிள்ளைகளின் கண் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளைத்தான் தேடுகிறது. எல்.ஒய். இருந்தால் அடிக்கோடு, இல்லாவிட்டால் அடுத்த சொல்லுக்குத் தாவல். ‘மை ஃப்ரெண்ட்லி நெய்பர் டிரைவ்ஸ் ஃபாஸ்ட்’ என்று கொடுத்துப் பாருங்கள். கோடு ஃப்ரெண்ட்லியின் கீழ் விழும். அது பக்கத்து வீட்டுக்காரரின் குணத்தைச் சொல்லும் பெயரடை. வண்டி எப்படி ஓடுகிறது என்று சொல்லும் ஃபாஸ்ட்தான் வினையடை, அது தப்பிவிடும். பிள்ளையின் மேல் குற்றமில்லை. நாம் சொல்லிக்கொடுத்த விதியே பிழை.

இந்தக் குழப்பத்தின் வேர் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. உடல், வடிவம் என்று பொருள்பட்ட ஒரு சொல் அங்கே விகுதியாகி, ‘இன்ன தன்மையுள்ள’ என்ற பொருளில் பெயரடைகளை உண்டாக்கியது. அதன் கடைசியில் ஓர் எகரத்தைச் சேர்த்தால் வினையடை. காலப்போக்கில் அந்த எகரம் தேய்ந்து மறைய, இரண்டும் ஒரே எல்.ஒய். ஆகிவிட்டன. ஃப்ரெண்ட்லி பெயரடையாகவும் ஸ்லோலி வினையடையாகவும் ஒரே வாலோடு நிற்பது இதனால்தான். ஃபாஸ்ட், ஹார்ட் ஆகியவற்றின் கதையும் அதே எகரத்தின் கதை. அது போனபின் பெயரடைக்கும் வினையடைக்கும் உருவ வேறுபாடே இல்லாமல் போயிற்று.

வாலை ஒட்டவைத்தால் பொருளே தலைகீழாவதும் உண்டு. ‘ஹீ வர்க்ஸ் ஹார்ட்’ என்றால் அவன் கடுமையாக உழைக்கிறான். ‘ஹீ ஹார்ட்லி வர்க்ஸ்’ என்றால் வேலை செய்வதே அரிது. பாராட்ட நினைத்து எழுதும் மாணவன் பழித்துவிடுகிறான்.

‘ஆட்வெர்ப்’ என்ற பெயரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. ‘வெரி டால்’ என்பதில் வெரி ஒரு பெயரடையைச் சார்ந்திருக்கிறது. ‘வெரி ஃபாஸ்ட்’ ஓடுகிறாள் என்றால் இன்னொரு வினையடையைச் சார்ந்திருக்கிறது. ‘ஃபார்ச்சுனேட்லி’ என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்தச் சொல் வாக்கியம் முழுவதற்குமே உரியது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொல் எதைச் சார்ந்து நிற்கிறது?

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கும். சில இடங்களில் காலையும் வாரும். மெல்ல, மிக, உடனே, அடிக்கடி ஆகியவற்றில் ‘ஆக’ என்ற விகுதி இல்லை. ஆனாலும் அவை எதை விளக்குகின்றன என்று தமிழ்ப் பிள்ளைக்குத் தானாகவே தெரியும். அந்த அறிவை ஆங்கில வகுப்புக்கு வெளியே நிறுத்துவது வீண். இடறும் இடம் வேறு. ‘ஷீ லுக்ஸ் ஹேப்பி’ என்பதை நாம் ‘மகிழ்ச்சியாகத் தெரிகிறாள்’ என்கிறோம். ‘ஆக’ வந்துவிட்டதே என்று பிள்ளை ‘ஹேப்பிலி’ என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் அங்கே வரவேண்டியது பெயரடை. இதற்கு எளிய சோதனை உண்டு: வினைக்குப் பதிலாக ‘இஸ்’ வைத்துப் பார்ப்பது. ‘ஷீ இஸ் ஹேப்பி’ பொருந்துகிறது. எனவே அது அவளைப் பற்றிய சொல். ‘ஷீ சிங்ஸ் ஹேப்பிலி’ என்பதில் இந்த மாற்று ஒட்டாது. அங்கே பேச்சு பாடும் விதத்தைப் பற்றியது.

ஒரே வினை இரு பக்கமும் நிற்பதைக் காட்டினால் பாடம் இன்னும் தெளிவாகும். ‘தி சூப் டேஸ்டட் குட்’ என்பதில் குட் என்பது சூப்பின் தன்மை. ‘தி குக் டேஸ்டட் தி சூப் கேர்ஃபுலி’ என்பதில் கேர்ஃபுலி என்பது சமையல்காரர் சுவைத்துப் பார்த்த விதம். எந்த விகுதிப் பட்டியலும் இந்த வேறுபாட்டைக் கற்பிக்காது. வாக்கியத்தைப் புரிந்துகொண்டவருக்கு மட்டுமே அது பிடிபடும். பட்டியலை மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் தரும் பழக்கத்தை நான் எதிர்ப்பது இதனால்தான்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வினையடையை அடிக்கோடிடச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அது எந்தச் சொல்லைச் சார்கிறதோ அதை நோக்கி ஓர் அம்புக்குறியும் போடச் சொல்லுங்கள். அம்புக்குறிக்கும் மதிப்பெண் கொடுங்கள்.