ரயிலைக் கழுவினார்கள், பிறகு ஆளைப் பிடித்தார்கள்



உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றாமல் விட்டால், கேட்பாரில்லை என்ற துணிச்சலில் மற்ற கண்ணாடிகளும் உடைபடும், தெருவே கைவிட்டுப்போகும். 1982இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் எழுதிய கட்டுரையின் சாரம் இது. சிறு குற்றங்களில் கண்டிப்பு காட்டினால் பெருங்குற்றம் குறையும் என்ற வாதம் இதைப் பிடித்துக்கொண்டுதான் உலகெங்கும் பரவியது.

இதை அடியோடு தள்ள எனக்கு மனம் வரவில்லை. இரவு வேலை முடிந்து தனியே ரயிலேறும் பெண்ணுக்கு, சுவரெல்லாம் கிறுக்கிய அழுக்குப் பெட்டி பயத்தைத்தான் தரும். நியூயார்க் பாதாள ரயிலில் 1984இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கழுவிய பெட்டியில் யாராவது மறுபடி கிறுக்கினால், அதை அழிக்கும்வரை பெட்டி ஓடாது. கிறுக்கியவனின் கைவண்ணத்தை ஊர் பார்க்கவே முடியாது! 1989 மே மாதத்தில் கிறுக்கல் உள்ள கடைசிப் பெட்டியும் ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. எத்தனை அருமையான வேலை!

1994இல் மேயர் ஜூலியானியும் காவல் ஆணையர் பிராட்டனும் வந்த பிறகு பார்வை மனிதர்கள்மேல் திரும்பியது. டிக்கெட் எடுக்காதவர், தெருவில் பீர் குடித்தவர், சிக்னலில் கார் கண்ணாடி துடைத்துக் காசு கேட்டவர் எல்லோரும் சிக்கினார்கள். கொலைகள் வெகுவாகக் குறைந்தன, மறுக்க முடியாது. ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவின் வேறு பல நகரங்களிலும் குறைந்தன.

இந்தக் கண்டிப்பு பிறகும் தொடர்ந்தது. 2011இல் மட்டும் நியூயார்க் போலீஸ் 6,85,000 தடவைக்கு மேல் ஆட்களை வழிமறித்தது. பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர்மேல் எந்த வழக்கும் இல்லை. 2014 ஜூலையில் எரிக் கார்னர் என்பவரை, சிகரெட்டைச் சில்லறையாக விற்றார் என்று பிடித்தார்கள். போலீஸ்காரர் கழுத்தை இறுக்கிய பின், மூச்சுவிட முடியவில்லை என்று பதினொரு தடவை சொன்னார்; அவர் உயிர் பிரிந்தது. ஒற்றை சிகரெட்டுக்கு ஓர் உயிர்!

வழிமறிப்பு விஷயத்தில் 2013இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகு வழிமறிப்பு அடியோடு குறைந்தது. ஊர் கெட்டுவிடும் என்றார்கள். ஆனால் 2011இல் 515ஆக இருந்த கொலைகள் 2017இல் 292.

ஆளைப் பிடிப்பதை விட்டு, பழுதைச் சரிசெய்வதைப் பார்ப்போம். உங்கள் தெருவில் எரியாத விளக்கு, அள்ளாத குப்பை இருந்தால் யாரிடம் சொன்னீர்கள், எத்தனை நாளில் சரியானது என்று எங்களுக்கு எழுதுங்கள். சரிசெய்தவர்களின் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்